சிவப்பு விளக்கில் யார் முன்னே?

ஒரு சின்னக் கேள்வியோடு தொடங்குவோம். சிவப்பு விளக்கில் பத்துக் கார்கள் வரிசையாக நிற்கின்றன. பின்னாலிருந்து ஒரு சைக்கிளோட்டி வருகிறார். அவர் பத்தாவது காருக்குப் பின்னால் நின்று காத்திருக்க வேண்டுமா? இல்லை, இடது ஓரமாக மெல்ல நகர்ந்து எல்லாருக்கும் முன்னால் போய் நிற்கலாமா?

நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள். கார் ஓட்டும் நண்பன், "வரிசைன்னா எல்லாருக்கும் வரிசைதான்" என்பான். சைக்கிள் ஓட்டும் நண்பன், "இடம் இருக்கு, போறேன். உனக்கு என்ன குறைஞ்சு போச்சு?" என்பான். இரண்டுமே கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. போக்குவரத்து விதிகளைப் புரட்டினால் மட்டும் இந்த வாதம் முடியாது. முன்பின் தெரியாத ஒருவரோடு, ஒரு நிமிடம் மட்டும் பக்கத்தில் நிற்கப்போகும் ஒருவரோடு, நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதுதான் இங்கே கேள்வி. பெரியவர்கள் முன்னாலும் கோயிலிலும் நாம் எல்லாரும் பண்பாகத்தான் இருக்கிறோம். நம்மை யாரென்றே தெரியாதவர் முன்னால் எப்படி இருக்கிறோம் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கேரி தீவுக்குப் போகும் சாலை

இது நமக்கு ஏட்டுச் சுரைக்காய் இல்லை. வார இறுதிக் காலையில் கிள்ளான்–பந்திங் சாலையில் போய்ப் பாருங்கள். கிள்ளான், ஷா ஆலம், கோலாலம்பூர் என்று பல இடங்களிலிருந்து வரும் சைக்கிள் குழுக்கள் தெலுக் பங்லிமா காராங் வழியாகக் கேரி தீவை நோக்கிப் போகும். பாலத்தைத் தாண்டினால் இரு பக்கமும் செம்பனை, மேடு பள்ளம் இல்லாத சமதரை. சைக்கிள் ஓட்ட இதைவிட நல்ல இடம் பக்கத்தில் கிடைப்பது கடினம்.

ஆனால் அந்தத் தீவு பூங்கா இல்லை. எட்வர்ட் வெலன்டைன் கேரி என்ற ஆங்கிலேயத் தோட்டத்துரையின் பெயரைத் தாங்கி, ரப்பரில் தொடங்கி, இன்று செம்பனையில் நிற்கும் தோட்டம் அது. மா மெரி ஒராங் அஸ்லி மக்கள் வாழும் மண். நம்மில் பலருடைய தாத்தா பாட்டிகள் பாடுபட்ட தோட்டங்களில் அதுவும் ஒன்று. இன்றைக்கும் அங்கே ஞாயிறு, திங்கள் பார்க்காமல் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் ஓடுகின்றன.

வெட்டிய குலையை நாள்கணக்கில் போட்டுவைக்க முடியாது. 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேர்வது நல்லது. தாமதமானால் பழத்தின் எண்ணெயில் கொழுப்பு அமிலம் கூடி, தரம் இறங்கிவிடும். அதனால் அந்த லோரி ஓட்டுநரின் அவசரத்தைத் திமிர் என்று ஒதுக்கிவிட முடியாது. சைக்கிள் குழுவுக்கு அந்தச் சாலை விடுமுறை, அவருக்கு அது வேலையிடம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு காலத்தில் தோட்டத்தில் ஒருவரிடம் சைக்கிள் இருப்பதே பெரிய விஷயம். பால் வெட்டப் போனவர்கள் நடந்து போனார்கள், மண்டோர் சைக்கிளில் வந்தார். பிறகு எல்லாரிடமும் சைக்கிள் வந்தது, அப்புறம் மோட்டார் வந்தது, சைக்கிள் ஏழையின் வண்டி ஆனது. இப்போது பல ஆயிரம் வெள்ளி சைக்கிளில், ஹெல்மெட்டும் கண்ணாடியும் போட்டு வருகிறவர் நகரத்து அதிகாரி. பின்னால் லோரியில் வருகிறவர் தோட்டத்துப் பிள்ளை. அதே சாலையில், இருட்டு நேரத்தில், விளக்கு இல்லாத துருப்பிடித்த சைக்கிளில் தொழிற்சாலையிலிருந்து திரும்பும் வெளிநாட்டுத் தொழிலாளியும் இருக்கிறார். சைக்கிளோட்டி என்ற ஒரே சொல்லுக்குள் இந்த இரண்டு பேரும் அடக்கம். ஆகவே 'சைக்கிள்காரர் எளியவர், வண்டிக்காரர் வலியவர்' என்ற சூத்திரத்தை மட்டும் வைத்து நியாயம் பேச முடியாது. சாலையில் வலு குறைந்தவர் சமுதாயத்தில் வலு கூடியவராக இருக்கலாம். இதை மனதில் வைத்துக்கொண்டு நம் கேள்விக்கு வருவோம்.

வரிசையை உடைக்கிறாரா?

அன்னதான வரிசையில் ஒருவர் நடுவில் புகுந்தால், பின்னால் நிற்கும் அத்தனை பேருக்கும் ஒரு ஆள் நேரம் தள்ளிப்போகிறது. அது தெளிவான அநியாயம். சிவப்பு விளக்கில் சைக்கிள் முன்னே போவதும் அதே கணக்கா?

பச்சை விழுந்ததும் கார்கள் நிறுத்தக் கோட்டை ஏறத்தாழ 2 நொடிக்கு ஒன்று என்ற கணக்கில் தாண்டும். சாலை வடிவமைப்பில் பொதுவாகப் பயன்படும் கணக்கு இது. சைக்கிளோட்டி ஓரமாக நகர்ந்து முன்னே போனால், ஒரு காரின் 2 நொடியை அவர் எடுத்துக்கொள்வதில்லை. காரால் பயன்படுத்த முடியாத ஓர் இடுக்கைத்தான் பயன்படுத்துகிறார். பத்து சைக்கிளும் பத்துக் கார் போலத் தடத்தின் நடுவில் ஒன்றன்பின் ஒன்றாக நின்றால்தான் பின்னால் இருப்பவர்களுக்கு உண்மையில் நேரம் போகும்.

பதஞ்சலி யோக சூத்திரத்தில் இயமம் ஐந்தில் மூன்றாவதாகச் சொல்வது அஸ்தேயம், அதாவது பிறர் பொருளைக் கவராமை. நேரமும் ஒரு பொருள்தான், இடமும் ஒரு பொருள்தான். ஆனால் இங்கே யாருடைய இடத்தையும் யாரும் கவரவில்லை. 'வரிசைன்னா வரிசைதான்' என்ற நண்பனின் வாதம் இந்த அளவில் நிற்காது.

அப்படியானால் சைக்கிளோட்டி செய்வது முழுக்கச் சரியா? அதுவும் இல்லை.

நம் நாட்டில் மோட்டார் சைக்கிள்கள் எல்லா விளக்கிலும் முன்னே போய்த்தான் நிற்கின்றன. அதற்குக் கார் ஓட்டுநர்கள் பழகிவிட்டார்கள். காரணம் எளிது. பச்சை விழுந்ததும் மோட்டார் காரைவிட வேகமாகக் கிளம்பிப் போய்விடும். யாரும் அதைத் திரும்ப முந்த வேண்டியதில்லை. சைக்கிள் அப்படி இல்லை. முன்னே போய் நின்ற சைக்கிள் 20 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பும். பின்னால் நிற்கும் ஒவ்வொரு காரும் அதை மறுபடியும் கடக்க வேண்டும். இவர்கள் எல்லாரும் போன விளக்குக்கும் இந்த விளக்குக்கும் இடையில் ஏற்கெனவே அந்தச் சைக்கிளைக் கடந்தவர்கள்!

நான் பொறியியல் மாணவன், கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. 10 சைக்கிள் உள்ள குழு, 12 வண்டி உள்ள வரிசை. குழு முழுவதும் முன்னே போய் நின்றால், பச்சை விழுந்ததும் ஒவ்வொரு வண்டியும் 10 சைக்கிளைக் கடக்க வேண்டும். மொத்தம் 120 கடப்புகள். இப்படி மூன்று விளக்கு என்றால் 360. குழு வரிசையின் பின்னாலேயே நின்றிருந்தால், அந்த 12 வண்டிகளுக்கு இந்த 360இல் ஒன்றுகூடத் தேவைப்பட்டிருக்காது.

ஒரு கடப்பு என்றால் என்ன? பிரிட்டனின் நெடுஞ்சாலை நெறிமுறை, சைக்கிளைக் கடக்கும்போது குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி விடச் சொல்கிறது. அதை நம் சாலைக்கு வைத்துப் பார்ப்போம். சாலை ஓரத்திலிருந்து சைக்கிளுக்கு அரை மீட்டர், சைக்கிளின் அகலம் ஏறத்தாழ 0.6 மீட்டர், இடைவெளி 1.5 மீட்டர், காரின் அகலம் 1.7 மீட்டர். கூட்டினால் 4.3 மீட்டர். மூன்றரை மீட்டர் தடத்துக்குள் இது அடங்காது. கார் பக்கத்துத் தடத்துக்கோ எதிர்த் தடத்துக்கோ போயே ஆக வேண்டும். அங்கே ஒரு மோட்டார் சைக்கிள் வந்துகொண்டிருக்கலாம். மலேசியச் சாலைகளில் 2019இல் மட்டும் 6,167 பேர் உயிரிழந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். ஆகவே ஒவ்வொரு கடப்பும் ஓட்டுநரின் பொறுமையோடு, சைக்கிளோட்டியின் உயிரையும், எதிரே வரும் மூன்றாவது ஆளின் உயிரையும் பணயம் வைக்கிறது.

இங்கேதான் பண்பு வருகிறது. கோயில் மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறவர்கள் காலை மடக்கி நமக்கு வழி விடுகிறார்கள். ஒருமுறை விட்டார்கள், நன்றி சொல்லிப் போகிறோம். அதே ஆள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து போய் வந்துகொண்டிருந்தால்? அவர் யாருடைய இடத்தையும் பிடுங்கவில்லை. ஆனாலும் மற்றவர்கள் தந்த ஒன்றை அவர் மதிக்கவில்லை. நம்மைக் கவனமாகக் கடந்துபோன ஓட்டுநரும் நமக்கு ஒன்றைத் தந்திருக்கிறார். வேகத்தைக் குறைத்தார், எதிரே பார்த்தார், இடம் விட்டார். காரணம் இல்லாமல் அதையே அவரை மறுபடியும் மறுபடியும் செய்யவைப்பதுதான் தவறு. இதைத்தான் நான் இந்தக் கட்டுரையில் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன்: முன்னே போகலாமா என்று மட்டும் கேட்காதீர்கள், நாம் முன்னே போவதால் ஒருவர் ஏற்கெனவே செய்ததைத் திரும்பச் செய்ய வேண்டி வருமா என்றும் கேளுங்கள்.

ஓட்டுநருக்கும் ஒரு கேள்வி

இதைப் படித்துவிட்டுக் கார் ஓட்டும் நண்பர்கள் "பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன்" என்று கிளம்பிவிட வேண்டாம். உங்களுக்கும் ஒன்று இருக்கிறது.

"அந்தச் சைக்கிளை மூணு தடவை முந்திட்டேன். மூணு தடவையும் விளக்குல வந்து பக்கத்துலயே நிக்கிறான்!" என்று எரிச்சல்படுகிறோம். சரி, யோசிப்போம். அடுத்த விளக்கில் அவர் நம் பக்கத்தில் வந்து நிற்கிறார் என்றால், அவரை முந்தியதில் நமக்குக் கிடைத்தது என்ன? ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே கோட்டில் நிற்கிறோம். அவருக்குப் பின்னாலேயே மெதுவாக வந்திருந்தாலும் இங்கேதான் நின்றிருப்போம். நம் நேரத்தை எடுத்தது சிவப்பு விளக்கு. கோபம் மட்டும் சைக்கிள்மேல்.

அப்படியானால் அந்தக் கோபம் நேரத்தைப் பற்றியது இல்லை. 'நான் முன்னே இருந்தேன், இவன் எப்படி முன்னே வரலாம்' என்பதுதான் அது. சைவ சித்தாந்தம் உயிரைப் பற்றியுள்ள மலங்கள் மூன்று என்று சொல்லும்: ஆணவம், கன்மம், மாயை. அதில் ஆணவத்தை முதலில் வைத்திருக்கிறார்கள். சமய வகுப்பில் அதைப் படிக்கும்போது அது ஏதோ பெரிய ஞானிகளுக்கான பாடம் என்று தோன்றும். கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏர்கோனைப் போட்டுவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்த உடனே அது நமக்குள் எழுந்து உட்கார்ந்துகொள்வதைக் கவனித்துப் பாருங்கள்.

"நாங்க ரோட் டெக்ஸ் கட்டுறோம், சைக்கிள் கட்டுதா?" என்பது அடுத்த வாதம். முழு மின்சாரக் கார்களுக்கு 2022 தொடங்கி 2025 முடிய ரோட் டெக்ஸ் விலக்கு இருந்தது. அந்த நான்கு ஆண்டுகளில் மின்சாரக் காரைப் பார்த்து யாராவது "நீ வரி கட்டல, ஓரமாப் போ" என்று ஹோன் அடித்தோமா? இல்லையே. அப்படியென்றால் நம் மனதில் இருந்தது வரிக்கணக்கு இல்லை, வண்டியின் மதிப்பு. விலை உயர்ந்த வண்டிக்கு மரியாதை, விலை குறைந்த வண்டிக்கு ஹோன். இதை நாம் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வாதம்: "சைக்கிள்காரனுங்க எல்லாரும் சிவப்புல போறானுங்க. அவனுங்களுக்கு எதுக்கு மரியாதை?" சிவப்பு விளக்கை மீறுகிற சைக்கிளோட்டிகள் இருக்கிறார்கள், அது தவறுதான். ஆனால் நேற்று யாரோ ஒருவர் மீறியதற்கு இன்று நிற்கிற ஒருவரைத் தண்டிப்பது எந்த நியாயம்? வினை செய்தவரையே சேரும் என்று நம்புகிற மக்கள் நாம். அதோடு, கூட்டத்தோடு சேர்த்து முத்திரை குத்தப்படுவது எப்படி வலிக்கும் என்பது இந்த நாட்டில் நமக்குத் தெரியாததா? நம் பையன்கள் நாலு பேர் இரவில் மோட்டாரோடு ஓரிடத்தில் நின்று பேசினாலே 'கேங்ஸ்டர்' என்று பார்க்கிற கண்கள் எத்தனை! எவனோ செய்ததற்கு நாம் ஏன் பதில் சொல்ல வேண்டும் என்று அப்போது கொதிக்கிறோம். அந்தக் கொதிப்பு நியாயம் என்றால், அதே நியாயத்தைச் சிவப்பு விளக்கில் பக்கத்தில் நிற்பவருக்கும் தர வேண்டும்.

தேரில் இருப்பவரின் கடமை

சாலையில் யார் யாருக்கு எவ்வளவு கடன்பட்டவர் என்பதற்கு நம்மிடம் ஒரு பழைய கதை இருக்கிறது. பெரிய புராணம் திருவாரூரைப் பற்றிச் சொல்லும்போது மனுநீதிச் சோழன் வரலாற்றைச் சொல்கிறது. இளவரசன் தேரில் வீதியில் போகிறான். ஒரு பசுங்கன்று துள்ளி வந்து சக்கரத்தில் விழுந்து இறக்கிறது. தாய்ப்பசு அரண்மனை மணியை அடிக்கிறது. பிராயச்சித்தம் செய்தால் போதும் என்று அமைச்சர்கள் சொல்கிறார்கள். மன்னன் ஏற்கவில்லை, தன் மகனையே தேர்க்காலில் இடுகிறான். பிறகு இறைவன் தோன்றி எல்லாரையும் உயிர்ப்பிக்கிறார்.

இந்தக் கதையைச் சின்ன வயதில் எல்லாரும் கேட்டிருப்போம். அரசனின் நீதி தவறாமைக்கு உதாரணமாகத்தான் சொல்வார்கள். நான் அதை ஒரு சாலை விபத்தாகப் படித்துப் பார்க்கச் சொல்கிறேன். கன்று தானாகத்தான் வந்து விழுந்தது. இளவரசன் வேண்டுமென்று செய்யவில்லை. 'கன்றுக்குத்தான் சாலை விதி தெரியவில்லை' என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. மக்கள் நடமாடும் வீதியில் தேரைக் கொண்டுவந்தது யார், யாருடைய பாரம் யாரைக் கொல்லக்கூடியது என்பதிலிருந்துதான் அது தொடங்குகிறது. பிரிட்டன் 2022 ஜனவரியில் தன் நெறிமுறையைத் திருத்தியபோது இதே கருத்தைத்தான் சேர்த்தது: அதிகத் தீங்கு செய்யக்கூடிய வண்டியை ஓட்டுபவருக்குத்தான் அதிகப் பொறுப்பு.

நம் நாட்டிலும் இதைப் பற்றிப் பெரிய விவாதம் நடந்தது. 2017 பிப்ரவரி 18 அதிகாலை, ஜொகூர் பாருவில் சைக்கிள்களில் இருந்த 8 பதின்ம வயதுப் பையன்கள் கார் மோதி இறந்தார்கள். கீழ் நீதிமன்றம் ஓட்டுநரை விடுவித்தது. 2022 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 6 ஆண்டுச் சிறை விதித்தது. 2023 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுதலை செய்தது. நாடே இரண்டாகப் பிரிந்து 'ஓட்டுநர் தவறா, பையன்கள் தவறா, பெற்றோர் தவறா' என்று பேசியது. நீதிமன்றம் தன் வேலையைச் செய்தது. ஆனால் நீதிமன்றத்தால் எல்லாம் முடிந்த பிறகுதான் கேட்க முடியும். பண்பு என்பது முடிவதற்கு முன்னால் கேட்டுக்கொள்ளும் கேள்வி. அதைக் கேட்க நமக்கு நீதிபதி தேவையில்லை.

ஆகவே இரண்டு பேருக்கும் கடமை உண்டு, ஆனால் ஒரே கடமை இல்லை. கனமான வண்டியில் இருப்பவர் பொறுத்துப் போக வேண்டும். இலேசான வண்டியில் இருப்பவர் தான் என்ன செய்யப்போகிறார் என்பதை மற்றவருக்குத் தெளிவாகக் காட்ட வேண்டும். தனக்காக ஒருவர் ஏற்கெனவே பொறுத்ததை மறக்கக் கூடாது.

நிற்கும்போதுதான் பேச முடியும்

ஓடும்போது ஓட்டுநரும் சைக்கிளோட்டியும் பேசிக்கொள்ள முடியாது. ஹோன்தான் பேச்சு, அதுவும் பாதி நேரம் திட்டாகத்தான் கேட்கும். சிவப்பு விளக்கில் மட்டும்தான் இருவரும் கைக்கெட்டும் தூரத்தில், முகம் பார்த்து நிற்கிறார்கள். அந்த நேரத்தை முறைப்பதற்குப் பயன்படுத்தலாம், ஒரு வார்த்தை பேசவும் பயன்படுத்தலாம்.

அந்த ஒரு வார்த்தை உயிரையும் காக்கும். நாம் இடது பக்கம் ஓட்டும் நாடு. விளக்கில் நிற்கும் லோரியின் இடது பக்கமாகச் சைக்கிள் நுழைந்தால், ஓட்டுநரின் கண்ணுக்கும் கண்ணாடிக்கும் சிக்காத இடத்தில் போய் நிற்கிறது. லோரி இடது பக்கம் திரும்பும்போது அதன் பின்சக்கரம் முன்சக்கரம் போன வழியில் போகாது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். முன்பக்கம் நம்மைத் தாண்டிப் போய்விட்டதே என்று நினைக்கும்போது பின்சக்கரம் நம்மீது ஏறும். ஓட்டுநர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இதுதான் நடக்கும். அதனால் லோரிக்கும் ஓரக்கல்லுக்கும் நடுவில் நுழையவே கூடாது. பின்னால் நிற்க வேண்டும். பக்கத்தில் நிற்க நேர்ந்துவிட்டால் ஓட்டுநரின் முகம் தெரியும் இடத்துக்கு வந்து, "அண்ணே, லெஃப்ட் எடுக்கிறீங்களா?" என்று கேட்க வேண்டும். மலாய்க்காரர் என்றால் 'அபாங்', சீனப் பெரியவர் என்றால் 'அங்கிள்'. "ஆமா தம்பி, நீ அங்கேயே நில்லு" என்று அவர் சொன்னால் விஷயம் முடிந்தது. அதில் யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை.

இந்த இருவரைத் தவிர மூன்றாவதாக ஒருவர் இருப்பதையும் மறக்க வேண்டாம். பிரிக்பீல்ட்ஸில் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. வெள்ளைத்தடியோடு சாலை கடப்பவர்களை அங்கே தினமும் பார்க்கலாம். நிறுத்தக் கோட்டையும் தாண்டி, நடந்து போகிறவர்களின் கோடுகள்மேல் போய் ஒரு சைக்கிள் நின்றால், அது அவர்களுக்குத் தெரியாது. காருக்காவது இன்ஜின் சத்தம் இருக்கிறது, சைக்கிளுக்குச் சத்தமே இல்லை. கார்களுக்கு முன்னால் பாதுகாப்பாக நிற்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, நம்மைவிட எளியவரின் வழியை அடைத்துவிடுகிறோம். பெரிய வண்டியிடம் எதிர்பார்க்கும் கருணையை நாம் நடப்பவரிடம் காட்ட வேண்டும்.

தனிப் பாதை போட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். தனிப் பாதை வேண்டும்தான். கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கு 1970களிலேயே தனிப் பாதை போட்ட நாடு இது. 2018இல் உலக நகர்ப்புற மாநாட்டையொட்டிக் கோலாலம்பூரில் சைக்கிளுக்கு நீல நிறப் பாதையும் வந்தது. அந்த நீலத்தின்மேல் கார்கள் நின்றதையும் பார்த்தோம். பழக்கம் இல்லாவிட்டால் பாதை வெறும் சாயம்தான். எந்தப் பாதையும் ஒரு சந்திப்பில் முடியும், அந்தச் சந்திப்பில் மனிதர்கள்தான் நிற்பார்கள்.

நாம் வைத்துக்கொள்ளக்கூடிய பழக்கங்கள்

சைக்கிளில் இருக்கும்போது:

1. குழுவாக வந்தால், நம்மைக் கடந்துபோன வண்டிகளை விளக்கில் தாண்டிப் போக வேண்டாம். வரிசையில் நம் இடத்திலேயே, இரண்டிரண்டு பேராக நெருக்கமாக நின்றால் குறைந்த இடமே பிடிக்கும்.
2. முன்னே போக வேண்டியிருந்தால் சிவப்பு நிலைத்திருக்கும்போது மட்டும், மெதுவாக. பச்சை விழப்போகும் நேரத்தில் இடுக்கில் நுழைய வேண்டாம். நிறுத்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நிற்போம்.
3. காரின் கூரையைப் பிடித்துக்கொண்டு நிற்பது, கண்ணாடியைத் தட்டுவது வேண்டாம். அது அடுத்தவர் பொருள்.
4. விளக்கு தாண்டியதும் நீண்ட வரிசை பின்னால் சேர்ந்தால், அகலமான இடம் பார்த்து ஒதுங்கி, அவர்களைப் போகவிட்டுக் கை காட்டுவோம்.

வண்டியில் இருக்கும்போது:

1. விளக்கு பச்சையானதும் முன்னால் நிற்கும் சைக்கிளுக்கு இரண்டு மூன்று நொடி கொடுப்போம். பெடலில் கால் வைத்துக் கிளம்பி நேராவதற்கு அந்த நேரம் வேண்டும். ஹோன் அடித்தால் பதற்றத்தில் தடுமாறுவார்கள்.
2. சைக்கிள் நுழையக் கூடாது என்பதற்காகவே காரை ஓரக்கல்லோடு ஒட்டி நிறுத்துவது வேண்டாம்.
3. இடது பக்கம் திரும்பும் முன் சிக்னல் போட்டு, ஒருமுறை திரும்பிப் பார்ப்போம்.
4. நிற்கும்போது கதவைத் திறக்க வேண்டியிருந்தால் பின்னால் பார்த்துத் திறப்போம்.

இவற்றுக்கு விதிவிலக்கும் உண்டு. தனியாக, மழையில், இருட்டில் வரும் ஒருவருக்குக் கார்களின் நடுவில் நிற்பதைவிட முன்னே எல்லார் கண்ணிலும் படும்படி நிற்பதுதான் பாதுகாப்பு. விளக்கில்லாத சைக்கிளில் வேலை முடிந்து போகும் தொழிலாளி முன்னே வந்து நின்றால், அவரிடம் போய் இந்தப் பட்டியலை வாசிக்கக் கூடாது. அவர் முன்னே வருவதற்குக் காரணம் உயிர்ப் பயம். 'காரணம் இல்லாமல்' என்று மேலே சொன்னது இதற்காகத்தான். எது காரணம், எது வெறும் அவசரம் என்று பார்த்துப் பிரிப்பது நம் விவேகம்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்குத் தைப்பூசத்தைக் காட்டுவேன். பத்துமலையின் 272 படிகளில் காவடி ஏறும்போது என்ன நடக்கிறது? காவடி நின்றால் பின்னால் வருகிறவர்கள் நிற்கிறார்கள். யாரும் முதுகில் இடிப்பதில்லை. காவடிக்குத் துணையாக வருகிறவர்கள், "கொஞ்சம் வழி விடுங்கண்ணே" என்று கேட்டு, வழி கிடைத்ததும் நகர்கிறார்கள். அத்தனை கூட்டத்தில், அத்தனை நெருக்கத்தில், பாரம் சுமப்பவரைக் கண்டால் பொறுக்க வேண்டும் என்று நமக்குத் தெரிகிறது. அதை யாரும் சம்மன் போட்டுச் சொல்லித் தரவில்லை. பெரியவர்கள் செய்வதைப் பார்த்துப் பழகினோம், நம்மைப் பார்த்துச் சின்னவர்கள் பழகுகிறார்கள்.

கேரி தீவில் துறைமுகம் கட்டும் திட்டம் பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. அது வந்தால் அந்தச் சாலையில் லோரிகள் பெருகும். சைக்கிள்களும் குறையப்போவதில்லை. நம் கிளைகள் பலவற்றில் இளைஞர்கள் சைக்கிள் பயணம் ஏற்பாடு செய்கிறார்கள். அடுத்த முறை புறப்படும் முன், தண்ணீர்ப் போத்தலையும் டயரையும் சரிபார்க்கும்போது, ஐந்து நிமிடம் இதையும் பேசுங்கள்: விளக்கில் எங்கே நிற்போம், லோரி வந்தால் யார் கை காட்டுவது, யார் ஒதுங்கச் சொல்வது. குழுவில் யாருடைய அப்பாவோ மாமாவோ லோரி ஓட்டுகிறவராக இருந்தால் அவரையும் கூப்பிட்டுப் பேசச் சொல்லுங்கள். அவர் இருக்கையில் உட்கார்ந்தால் என்ன தெரியும், என்ன தெரியாது என்பதை அவரைவிட நன்றாக யாரும் நமக்குச் சொல்ல முடியாது.